ரயனோடின் வாய்க்காலின் பதிவுக்கு எத்தனை நிலைகள் போதும்? (விவாத இழை)

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். நான் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்; உயிரியல் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன பாடம். இதயத் தசைச் செல்லின் உள்ளறையிலிருந்து கால்சியத்தை வெளியே விடும் ரயனோடின் ஏற்பி என்ற புரதத்தின் ஒற்றை வாய்க்கால் பதிவு ஒன்று வேறோர் ஆய்வகத்தின் வழியாக என் கைக்கு வந்துள்ளது. பாடநூல்கள் இதை அயனிக் கால்வாய் என்கின்றன. டெல்டாவில் பிறந்தவளுக்கு வாய்க்கால் என்றே கை எழுதுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக் கொழுப்புப் படலத்தில் ஒரே ஒரு வாய்க்காலைப் பதித்து, செல்லின் உட்பக்கமாகக் கருதப்படும் பக்கத்தில் கால்சியத்தை 1 மைக்ரோமோலாரில் நிறுத்தி, இரண்டு நிமிடம் எடுத்த பதிவு அது. மின்னோட்டத்தைச் சுமப்பது சீசியம். திரையில் பார்த்தால் கோடு இரண்டே மட்டங்களுக்கு இடையே தாவிக்கொண்டிருக்கிறது: மூடியிருந்தால் சுழி, திறந்திருந்தால் சில பிகோஆம்பியர்.

இதற்கு மறைநிலை மார்கோவ் மாதிரியைப் பொருத்துகிறேன்; கண்ணுக்குத் தெரியாத சில நிலைகளுக்கு இடையே வாய்க்கால் தற்செயலாகத் தாவுகிறது, திறப்பும் மூடலும் மட்டுமே நமக்குத் தெரிகின்றன என்று கொள்ளும் மாதிரி அது. மூடிய நிலைகள் மூன்று, திறந்த நிலைகள் இரண்டு, எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் போகலாம் என்று வைத்தேன். லைக்லிஹுட் (மாதிரி பதிவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) நன்றாகவே ஏறுகிறது. ஆனால் தொடக்க எண்களை மாற்றி மறுபடி ஓட்டினால் வேறு தாவல் வீதங்கள் வருகின்றன. முதல் ஓட்டத்தில் நொடிக்கு 40 என்று வந்த வீதம் அடுத்த ஓட்டத்தில் 900 ஆகிறது. லைக்லிஹுட் மட்டும் மூன்றாம் தசம இடம் வரை அசைவதில்லை. "மிகப் பெரியது எதுவோ அதை எடுத்து எழுதம்மா" என்று எனக்குச் சொல்லப்பட்டது. மூன்றாம் தசம இடத்தில் வென்ற மாதிரியை ஆய்வேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நிரலில் பிழையா, மாதிரியில் பிழையா?

இன்னோர் ஐயமும் உண்டு. கால்சியம் வாய்க்காலைத் திறக்கும் வீதத்தைச் சிலர் கால்சியச் செறிவின் இருபடியாகவும், சிலர் நான்காம் படியாகவும் எழுதுகிறார்கள். ஒரே புரதத்துக்கு எப்படி இரண்டும் பொருந்தும்?

வெண்ணாற்றுப் பெரியவர் (நீடாமங்கலம்)

அம்மா, நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உன் புள்ளியியலுக்கு விடை சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகப் பின்னணியை மட்டும் எழுதிவைக்கிறேன்.

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்பதே தற்செயலாகத் தெரியவந்த செய்தி. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைசல் செய்ததாக முதலில் எண்ணியிருந்தார். பிறகுதான் அது குழாய்த் தண்ணீர் என்று தெரிந்தது. உண்மையாகவே வடித்த நீரில் கரைத்தபோது துடிப்பு மங்கி நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் மீண்டது. 1883-இல் அதை அவர் எழுதினார். எங்கள் ஊரில் கைப்பம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, ஆற்றுத் தண்ணீரில் வேகும் என்பார்கள். அங்கேயும் வேலை செய்வது அதே கால்சியம்தான்.

1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெருநரம்பிலிருந்து மின்னோட்டச் சமன்பாடுகளை எழுதினார்கள். அவை பல்லாயிரம் வாய்க்கால்களின் கூட்டுக் கணக்கு. டெனிஸ் நோபிள் 1962-இல் அதே வழியில் இதயத்தின் பர்கின்ஜி நாருக்கு மாதிரி அமைத்தார். ஒற்றை வாய்க்கால் திறந்து மூடுவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு, நேயரும் சாக்மனும் 1976-இல் கண்ணாடி நுண்குழாய் முனையைச் செல்படலத்தில் ஒட்டிப் பதிவெடுத்த பிறகே கிடைத்தது. 1991-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பதிவில் தெரிந்தது வழவழப்பான வளைகோடு அன்று. உன் திரையில் தெரிகிற அதே தாவல். ஆகவே கல்லணையின் மதகுகளைப் போல, ஒவ்வொன்றும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், தண்ணீரின் மொத்த அளவு எத்தனை மதகு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று எண்ணிக்கொண்டால் போதும்.

மன்னை நிரலாளன் (மன்னார்குடி)

பெரியவர் மன்னிக்க வேண்டும், அந்த மதகு உவமையை நான் ஏற்க மாட்டேன். கல்லணையில் ஷட்டரைத் தூக்குவதற்கு ஒரு லஸ்கர் இருக்கிறார். அவருக்கு மேலிருந்து உத்தரவு வருகிறது. இந்த வாய்க்காலுக்கு லஸ்கர் இல்லை. கால்சியம் ஒட்டியிருந்தால் திறக்கும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. எந்தக் கணத்தில் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று: இங்கே மதகின் வழியே வரும் தண்ணீரே பக்கத்து மதகைத் திறக்கிறது.

இனி அக்கா கேட்டதற்கு வருகிறேன். உங்கள் நிரலில் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன். பதிவால் தாங்க முடியாத அளவுக்கு மாதிரியின் மேல் சுமை ஏற்றியிருக்கிறீர்கள். ஐந்து நிலைகளுக்கு இடையே பத்து இணைகள், இணைக்கு இரண்டு வீதம், ஆக இருபது வீதங்கள். சமநிலையில் இருக்கும் அமைப்பில், ஒரு நிலையில் கிளம்பி அதற்கே திரும்பும் ஒவ்வொரு சுற்றுப்பாதையிலும் முன்னோக்கிய வீதங்களின் பெருக்கம் பின்னோக்கியவற்றின் பெருக்கத்துக்குச் சமமாக வேண்டும். தனித்த சுற்றுகள் ஆறு என்பதால் அந்த நிபந்தனை ஆறு வீதங்களைக் குறைக்கிறது, மீதி பதினான்கு. ஆனால் இரண்டே மட்டங்கள் தெரியும் நிலைத்த பதிவு ஒன்றிலிருந்து பிரித்தறியக்கூடிய அளபுருக்களின் மேல் எல்லை, திறந்த நிலைகளின் எண்ணிக்கையை மூடிய நிலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி இரட்டித்த அளவு: இரண்டு, மூன்று, இரண்டு, ஆகப் பன்னிரண்டு. இரண்டு நிமிடப் பதிவை இரண்டு நாள் பதிவாக நீட்டினாலும் இந்த எல்லை நகராது. ஒரே லைக்லிஹுட் உள்ள மாதிரிகள் ஒரு குன்றின் உச்சியில் இல்லை, நீண்ட வரப்பின் மேல் வரிசையாக நிற்கின்றன; நீங்கள் எந்த இடத்தில் ஏறினீர்களோ அந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்கள். அவற்றுள் மூன்றாம் தசமத்தில் பெரியதைத் தேர்வது, கணினியின் தசமக் கணக்குப் பிழையைத் தேர்வது.

மாதிரிக்கு முன்னால் பதிவையே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

திறந்திருக்கும் காலங்களின் பரவலில் எத்தனை அடுக்குக்குறிக் கூறுகள் (தனித்தனிச் சராசரி கொண்ட பரவல்கள்) தெரிகின்றன என்பது முதல் கேள்வி. திறந்த நிலைகள் குறைந்தது அத்தனை வேண்டும். காலத்தைச் சாதாரண அளவுகோலில் போட்டு ஹிஸ்டோகிராம் வரைந்தால் எல்லாம் இடது மூலையில் குவிந்துவிடும். மடக்கை அளவுகோலில் காலத்தையும், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை நெடுக்கிலும் போட்டால் ஒவ்வொரு கூறும் தனித் திமிலாக எழும். 1987-இல் சிக்வொர்த்தும் சைனும் சொல்லிக்கொடுத்த வழி அது.

இரண்டாவது கேள்வி, ஒரு திறப்பின் நீளத்துக்கும் அதற்கடுத்த மூடலின் நீளத்துக்கும் உறவு இருக்கிறதா என்பது. திறந்த கூட்டத்துக்கும் மூடிய கூட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு வாசல் நிலைதான் இருக்கிறது என்றால், வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பழையது மறந்துபோகும், உறவு சுழியாகும். உறவு இருந்தால் குறைந்தது இரண்டு வாசல்கள் இரு பக்கமும் இருக்க வேண்டும். கால்ஹூனும் ஹாக்ஸும் 1977 முதல் எழுதிய வரிசையில் இந்தக் கணக்கெல்லாம் முறையாக இருக்கிறது.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. உங்கள் பதிவின் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி எவ்வளவு குறுகிய மூடலை விழுங்குகிறது? ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். உண்மையில் சராசரியாக 2 மில்லிவிநாடி திறந்திருக்கும் வாய்க்கால் ஒன்று சராசரியாக 0.2 மில்லிவிநாடி மூடுகிறது என்று கொள்வோம். 0.1 மில்லிவிநாடிக்குக் குறைந்தவற்றைக் கருவி காணாது. அப்படியானால் நூற்றுக்கு 39 மூடல்கள் காணாமல் போகின்றன. அவற்றின் இரு பக்கத்துத் திறப்புகளும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, சராசரித் திறப்பு 2-க்குப் பதில் 3.3 மில்லிவிநாடி என்று தெரியும். இந்த இழப்பை மாதிரிக்குள்ளேயே கணக்கில் எடுக்காமல் வீதம் கண்டால், அது வாய்க்காலின் வீதமாகவும் இராது, கருவியின் வீதமாகவும் இராது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், வடிகட்டியின் எண்ணை மாற்றிவிட்டு யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் இல்லாத ஒரு நிலையைத் தேடி அலைந்தேன்.

கடைமடை வாசி (வேதாரண்யம்)

நான் பொறியியல் படித்தவன். உயிரியல் தெரியாது, ஆகவே கேள்வி மட்டும். ஓர் இதயச் செல்லில் இப்படிப்பட்ட வாய்க்கால்கள் ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். பெருந்தொகை விதிப்படி எல்லாம் சராசரியில் கரைந்துவிடுமே? ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி வழியில் சராசரிச் சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டுப் போகாமல், ஒவ்வொரு வாய்க்காலின் தாவலையும் ஏன் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்?

தஞ்சை மருத்துவன் (தஞ்சாவூர்)

கடைமடையாரின் கேள்விதான் இந்தத் துறையின் நடுக் கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மின் அலை செல்லின் மேல் பரவும்போது அதன் படலத்திலுள்ள எல்-வகைக் கால்சிய வாய்க்கால்கள் திறக்கின்றன. வெளியே கால்சியம் மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. உள்ளே ஓய்வில் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏறத்தாழ 100 நானோமோலார். உள்ளே நுழையும் கால்சியம் பத்துப் பதினைந்து நானோமீட்டர் இடுக்கு ஒன்றில் விழுகிறது. அந்த இடுக்கின் எதிர்க்கரையில் கால்சியக் கிடங்கின் சுவர். அதில் ரயனோடின் வாய்க்கால்கள் கூட்டமாக நிற்கின்றன. விழுந்த கால்சியம் அவற்றில் ஒட்டி அவற்றைத் திறக்க, கிடங்கிலிருந்து பன்மடங்கு கால்சியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. பிறகு ஒரு பம்பு அதைக் கிடங்குக்கே திருப்பி ஏற்றுகிறது. உள்ளே நுழைந்த அளவை மூன்று சோடியத்துக்கு ஒரு கால்சியம் என்ற விகிதத்தில் மாற்றிக்கொள்ளும் பரிமாற்றி வெளியே தள்ளுகிறது.

கால்சியமே கால்சியத்தை வெளியிடவைக்கிறது என்றால் அது தானே எரியும் நெருப்பு; ஒரு முறை பற்றினால் கிடங்கு காலியாகும் வரை நிற்கக்கூடாது. ஆனால் உண்மையான செல்லில் நுழைவு சிறியதாக இருந்தால் வெளியீடும் சிறியதாகவே இருக்கிறது. எல்லா வாய்க்கால்களும் ஒரே பொதுக் குளத்தின் கால்சியத்தைப் பார்க்கின்றன என்று கொள்ளும் சராசரிச் சமன்பாடு இந்தப் படிப்படியான அடக்கத்தைத் தருவதில்லை. ஒன்று எரியும், அல்லது அணைந்திருக்கும். 1992-இல் மைக்கேல் ஸ்டெர்ன் இதைக் கணக்காகவே காட்டினார். ஒவ்வோர் இடுக்கும் தன் உள்ளூர்க் கால்சியத்தை மட்டுமே பார்க்கிறது, ஒவ்வொன்றும் தனித்தனியே பற்றுகிறது, மொத்த வெளியீடு என்பது எத்தனை இடுக்குகள் பற்றின என்ற எண்ணிக்கை என்று கொண்டால்தான் முரண் தீர்கிறது. அடுத்த ஆண்டே, 1993-இல், செங், லெடரர், கேனல் மூவரும் ஒளிரும் சாயமிட்ட செல்லில் தனித்தனிப் பொறிகளைக் கண்டார்கள். கால்சியப் பொறி என்று பெயர். சில பத்து மில்லிவிநாடிகளில் எழுந்து மறையும். ஓய்விலிருக்கும் செல்லிலும் அங்கொன்று இங்கொன்றாகத் தெறிக்கும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இடுக்கை 15 நானோமீட்டர் உயரமும் 100 நானோமீட்டர் ஆரமும் உள்ள தட்டையான உருளை என்று கொண்டால், ஓய்வுச் செறிவில் அதற்குள் இருக்கும் கட்டற்ற கால்சிய அயனிகளின் சராசரி எண்ணிக்கை 0.03. நூறு முறை எட்டிப் பார்த்தால் தொண்ணூற்றேழு முறை ஒன்றுமே இராது. நூறு மைக்ரோமோலாருக்கு ஏறிய பிறகும் ஏறத்தாழ 28 அயனிகள்தாம். ஒரு கூட்டத்தில் பத்து வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் திறந்திருக்கும் நிகழ்தகவு 0.1 என்றால், சராசரியாக ஒன்று திறந்திருக்கும். திட்ட விலக்கம் 0.95. இந்தக் கூட்டத்தைப் பொறுத்தவரை சராசரி என்பது ஏதும் சொல்லாத எண். ஒரு லட்சம் வாய்க்கால்களைச் சேர்த்துப் பார்த்தால் அதே விலக்கம் சராசரியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றின் கால்சியம் பக்கத்திலுள்ளதைத் திறக்கும் அமைப்பில் சராசரியை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு சமன்பாட்டில் போடுவதும், ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் போட்டுவிட்டுப் பிறகு சராசரி எடுப்பதும் ஒரே விடையைத் தரா. மேட்டூரில் நொடிக்கு இத்தனை கன அடி திறந்தார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு உங்கள் வேதாரண்யத்து வயலில் தண்ணீர் ஏறிற்றா என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

கடைமடை வாசி (வேதாரண்யம்)

நம்ப மாட்டேன் ஐயா. ஆனால் ஓர் இடறல் இருக்கிறது. இடுக்கில் சராசரியாக 0.03 அயனி என்றால் செறிவு என்ற சொல்லுக்கே பொருள் இல்லையே? பிறகு அந்தச் செறிவின் இருபடி, நான்காம் படி என்று எழுதுவது எதன் மேல் நிற்கிறது?

மன்னை நிரலாளன் (மன்னார்குடி)

நல்ல இடறல். நானும் இதில் ஒரு வாரம் நின்றேன். விடை கால அளவுகளில் இருக்கிறது. கால்சிய அயனி ஒன்று 100 நானோமீட்டரை ஊர்ந்து கடக்க ஏறத்தாழ பத்து மைக்ரோவிநாடி போதும். வாய்க்கால் ஒரு நிலையில் தங்குவது மில்லிவிநாடிக் கணக்கில். திறந்த வாய்க்கால் அரை பிகோஆம்பியர் கால்சியத்தைக் கடத்தினால் ஒரு மில்லிவிநாடியில் ஏறத்தாழ 1,500 அயனிகள் வந்து போகின்றன. ஒரு கணத்தில் எட்டிப் பார்த்தால் சிலவே இருக்கும். ஆனால் வாய்க்கால் முடிவெடுப்பதற்குள் நூற்றுக்கணக்கானவை வந்து தட்டிவிட்டுப் போயிருக்கும். ஆகவே அயனிகளைத் தனித்தனியே எண்ணாமல் செறிவு என்று எழுதலாம்; வாய்க்கால்களின் தாவலை மட்டும் எண்ணியே ஆக வேண்டும். என் உருவகப்படுத்தலில் ஒவ்வொரு தாவலுக்கும் கில்லெஸ்பி 1977-இல் தந்த முறையைப் பயன்படுத்துகிறேன்: அடுத்த நிகழ்ச்சி எப்போது என்பதற்கு ஒரு சீட்டு, எது என்பதற்கு ஒரு சீட்டு. தாவல் நடந்தவுடன் இடுக்கின் செறிவை உடனே புதிய நிலைக்கு மாற்றிவிடுகிறேன்.

இருபடி, நான்காம் படி என்ற ஐயத்துக்கு வருகிறேன். ரயனோடின் ஏற்பி நான்கு ஒத்த துண்டுகள் சேர்ந்த புரதம் என்பதால் நான்காம் படி இயல்பாகத் தோன்றும். 1996-இல் கெய்சரும் லெவினும் எழுதிய நான்கு நிலை மாதிரியில் ஒரு தாவலுக்கு நான்காம் படியும் இன்னொன்றுக்கு மூன்றாம் படியும் வருகின்றன. ஆனால் நான்கு அயனிகள் ஒரே கணத்தில் வந்து ஒட்டுவதில்லை. ஒவ்வொன்றாக ஒட்டும் நடு நிலைகளை மறைத்துவிட்டுச் சுருக்கி எழுதியது அந்தப் படி. சரிவின் செங்குத்தைக் குறிக்கும் ஹில் எண் 2 என்று வந்தால் ஒட்டும் இடங்கள் இரண்டு என்று பொருள் இல்லை. நான்கு இடங்கள் இருந்து அவற்றுக்குள் ஒத்துழைப்பு குறைவாக இருந்தாலும் 2 வரும். சொந்தக் கருத்தைச் சொன்னால், படியைப் பொருத்திவிட்டு அதிலிருந்து புரதத்தின் அமைப்பைப் பற்றிப் பேசும் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவைத்துவிடுகிறேன்.

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்)

தம்பி சொன்ன மூன்று கேள்விகளையும் நேற்றிரவு பதிவிடம் கேட்டேன். மடக்கை அளவுகோலில் மூடல்களுக்கு மூன்று திமில்கள் தெளிவாக எழுந்தன. திறப்புகளுக்கு ஒன்று பெரியது, அதன் வலத் தோளில் ஒரு சிறு மேடு. நீண்ட திறப்புக்கு அடுத்து வருபவை பெரும்பாலும் குறுகிய மூடல்களாக இருக்கின்றன; வரிசையைக் கலைத்துப் போட்டு ஆயிரம் முறை சோதித்தும் அந்த உறவு தற்செயலாக வரவில்லை. அப்படியானால் ஒற்றை வாசல் மாதிரி தள்ளுபடி. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்த என் பழைய மாதிரியும் தள்ளுபடி. நடுவில் எதைப் பிடிப்பது?

மன்னை நிரலாளன் (மன்னார்குடி)

படத்தைப் பார்த்து மாதிரியைப் பிடிக்காதீர்கள் அக்கா. வேதியியலைப் பார்த்துப் பிடியுங்கள். கால்சியம் ஒட்டும் தாவல்களின் வீதம் மட்டுமே செறிவோடு ஏற வேண்டும். விலகும் வீதமும், ஒட்டிய பிறகு புரதம் வளைந்து திறக்கும் வீதமும் செறிவை அறியா. ஆகவே 1 மைக்ரோமோலாரில் எடுத்த ஒரே பதிவோடு மல்லுக்கட்டாமல், அதே வாய்க்காலை 0.3, 1, 10 மைக்ரோமோலாரில் எடுத்த பதிவுகளைக் கேட்டு வாங்கி, மூன்றுக்கும் ஒரே வீதத் தொகுதியைச் சேர்த்துப் பொருத்துங்கள். ஒரு செறிவில் வரப்பாக நீண்டு கிடந்தது இன்னொரு செறிவில் வேறு திசையில் நீளும். இரண்டும் வெட்டும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. தனிப் பதிவில் பிரித்தறிய முடியாத வீதங்கள் பல இப்படிச் சேர்த்துப் பார்க்கும்போது பிரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது. பதிவைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்குப் படியுங்கள். அமைப்பு சமநிலையில் இருந்தால், திறப்பும் அதற்கடுத்த மூடலும் சேர்ந்த இணைப் பரவலும், மூடலும் அதற்கடுத்த திறப்பும் சேர்ந்த இணைப் பரவலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். காலத்தின் திசை பதிவில் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கோ ஆற்றல் செலவாகிறது. கிடங்குப் பக்கம் கால்சியம் நிறைந்திருக்கும் பதிவுகளில் இதற்கு வாய்ப்பு உண்டு: வாய்க்கால் திறந்தவுடன் அதன் வழியே பாயும் கால்சியம் அதன் வாயிலேயே தேங்கி, நீங்கள் கரைசலில் நிறுத்திய 1 மைக்ரோமோலாரை அந்த இடத்தில் பொய்யாக்கிவிடுகிறது. மூடியபோது ஒரு செறிவு, திறந்தபோது வேறு செறிவு. அப்போது சுற்றுப்பாதை நிபந்தனையை மாதிரியின் மேல் திணிப்பதே தவறு. உங்கள் பதிவில் சீசியம் ஓடுவதால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். ஆனால் கிடங்குப் பக்கக் கரைசலில் கால்சியம் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெண்ணாற்றுப் பெரியவர் (நீடாமங்கலம்)

மதகு உவமையை மன்னைத் தம்பி மறுத்தது சரிதான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி. எல்-வகை வாய்க்காலைக் கால்சியம் மூடுகிறது என்று படித்த நினைவு. ரயனோடினைத் திறக்கும் அதே கால்சியம் அதை ஏன் மூடுகிறது?

தஞ்சை மருத்துவன் (தஞ்சாவூர்)

இரண்டுக்கும் உணரி வேறு, ஐயா. எல்-வகை வாய்க்காலின் உள்வாலில் கால்மோடுலின் என்ற சிறு புரதம் ஒன்று முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கால்சியத்தைப் பிடிக்க நான்கு கைகள். உள்ளே நுழைந்த கால்சியத்தை அது பிடித்தவுடன் வாய்க்கால் தன்னை அடைத்துக்கொள்கிறது. வெளியே கால்சியத்துக்குப் பதில் பேரியத்தை வைத்தால் மின்னோட்டம் பாயும். ஆனால் கால்மோடுலின் பேரியத்தைச் சரியாகப் பிடிக்காததால் அடைப்பு மிக மெதுவாகிறது. மின்னழுத்தம் மூடியதா, கால்சியம் மூடியதா என்பதைப் பிரித்துக் காட்டும் எளிய சோதனை இது. இரண்டு பதிவுகளையும் சேர்த்துப் பொருத்துவதும் மன்னையார் சொன்ன வழியின் இன்னொரு வடிவம்தான்.

கால்மோடுலின் ரயனோடின் ஏற்பியிலும் ஒட்டுகிறது. அங்கே துண்டுக்கு ஒன்றாக நான்கு, வேலை அடக்கிவைப்பது. இங்கே எனக்குப் பிடித்த ஓர் ஈருறுப்புக் கணக்கு உண்டு. கால்மோடுலினை உருவாக்க மனிதனுக்கு மூன்று மரபணுக்கள். மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒரே புரதத்தைத் தருகின்றன. தாய்வழியும் தந்தைவழியும் சேர்த்து ஆறு பிரதிகள். 2012-இல் இவற்றில் ஒன்றின் பிழை, உழைப்பின்போதும் அதிர்ச்சியின்போதும் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும் மரபு நோயோடு இணைத்துக் காட்டப்பட்டது. ஆறில் ஐந்து நன்றாக இருக்கும்போது நோய் எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். ஆறு பிரதிகளும் சம அளவில் புரதம் செய்கின்றன, பிழையானதும் நல்லதும் சம வலிமையோடு ஒட்டுகின்றன என்று கொள்வோம். நான்கு இடங்களிலும் நல்லதே அமையும் நிகழ்தகவு ஆறில் ஐந்தின் நான்காம் படி, அதாவது 0.48. ஆக ரயனோடின் வாய்க்கால்களில் பாதிக்கு மேல் குறைந்தது ஒரு பிழைத் துண்டையாவது சுமக்கும். ஒரே கால்மோடுலினைச் சுமக்கும் எல்-வகையில் ஆறில் ஒன்றே பழுதாகும். இரண்டு கொள்கோள்களும் உண்மையில் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் பிழை எந்த வாய்க்காலின் வழியே வேலை செய்கிறது என்று கேட்கத் தொடங்க இந்தக் கணக்கு போதும்.

ரயனோடின் ஏற்பியின் மரபணுவிலேயே பிழை இருக்கும் குடும்பங்கள் 2001-இல் விவரிக்கப்பட்டன. ஓய்வில் எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; ஓடும்போதுதான் தெரியும். கடைமடையாரின் முதல் கேள்விக்கு இதுவே என் கடைசி விடை. ஒவ்வொரு பொறியும் தனியாகத் தெறித்து அணைந்தால் தீங்கில்லை. கிடங்கு நிரம்பி வாய்க்காலும் இலகுவாகத் திறக்கும்போது ஒரு பொறி பக்கத்து இடுக்கைப் பற்றவைக்க, அது அடுத்ததைப் பற்றவைக்க, செல் முழுவதும் அலை ஓடுகிறது. பரிமாற்றி ஒரு கால்சியத்தை வெளியேற்ற மூன்று சோடியத்தை உள்ளே விடுவதால் நிகர நேர்மின்சாரம் உள்ளே ஏறி, கேட்காத நேரத்தில் ஒரு துடிப்பு பிறக்கிறது. சராசரிச் சமன்பாட்டில் அந்தத் துடிப்பு பிறக்கவே பிறக்காது, அல்லது எப்போதும் பிறக்கும். நோயாளிக்கு அது எப்போதாவது பிறக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொழுப்புப் படலத்தில் பதித்த வாய்க்கால் செல்லில் இருக்கும் வாய்க்கால் அன்று. செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் மக்னீசியம் கால்சியத்தோடு போட்டியிடுகிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி இருக்கிறது, கிடங்கின் உட்புறத்துக் கால்சியமும் அதைப் பிடித்துவைக்கும் கால்செக்வெஸ்ட்ரினும் திறப்பை மாற்றுகின்றன. அரிசிலாற்றங்கரை அம்மா தன் வீதங்களை நேராக இதயத்தின் வீதங்கள் என்று எழுதிவிடக் கூடாது.

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்)

பத்து நாள் கழித்து வருகிறேன். மூன்று செறிவுகளின் பதிவுகளும் கிடைத்தன. கிடங்குப் பக்கக் கரைசலில் கால்சியம் மிகக் குறைவு என்று எழுதி அனுப்பினார்கள். தலைகீழாகப் படித்த பதிவுக்கும் நேராகப் படித்ததற்கும் வேறுபாடு தெரியவில்லை, ஆகவே சுற்றுப்பாதை நிபந்தனையை வைத்துக்கொண்டேன். மூடிய மூன்றும் திறந்த இரண்டும் அப்படியே; ஆனால் இருபது வீதங்களுக்குப் பதில் பத்து: கால்சியம் ஒவ்வொன்றாக ஒட்டும் வரிசை ஒன்று, அதன் கடைசி இரண்டு மூடிய நிலைகளிலிருந்து தனித்தனியே திறக்கும் இரண்டு வாசல்கள், திறந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. சுற்று ஒன்றே ஒன்று என்பதால் ஒரு நிபந்தனை, மீதி ஒன்பது. குறுகிய நிகழ்ச்சிகளின் இழப்பையும் மாதிரிக்குள் சேர்த்தேன். பொருத்தும்போது 10 மைக்ரோமோலார் பதிவின் கடைசிப் பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, முடிந்த பிறகு அதன் மூடல் காலங்களைக் கணித்துப் பார்த்தேன். முதல் திமில் சற்று இடம் தவறியது, மற்ற இரண்டும் சரியாக உட்கார்ந்தன.

நாற்பது வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டினேன். எட்டு வீதங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்பதாவது, திறந்த இரண்டு நிலைகளுக்கு நடுவிலுள்ள தாவல், இன்னமும் அலைகிறது. அதை ஒவ்வொரு மதிப்பிலும் பிடித்து நிறுத்தி மற்றவற்றைப் பொருத்தி வரைந்தபோது, ஒரு பக்கம் லைக்லிஹுட் செங்குத்தாக விழுகிறது, மறு பக்கம் தட்டையாகவே போகிறது. ஆகவே ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதாமல் "இதற்குக் குறையாது" என்ற கீழெல்லையை மட்டும் எழுதியிருக்கிறேன். காலியாகத் தெரிகிறதே, ஒரு மதிப்பைப் போடக்கூடாதா என்று கேட்டார்கள். வரைபடத்தை எடுத்துக் காட்டினேன், பிறகு கேட்கவில்லை.